அண்ணே, உன் செம்புமூஞ்சிகளைப் பிரித்துவிட்டார்கள்

பாசமுள்ள அண்ணனுக்கு,

நலமா என்று கேட்டுத் தொடங்கிப் பழகிய கை இது. அந்தக் கேள்வியை இனி எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை. அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். உன் பெட்டிகளையெல்லாம் பிரித்துவிட்டார்கள். ஒன்று பாக்கியில்லை.

உன் முதலாம் ஆண்டு நினைவுக்குப் பேப்பரில் போட்டோ போடலாம், கீழே நாலு வரி எழுதிக் கொடு என்று பெரியப்பா சொன்னார். உட்கார்ந்து பார்த்தேன். மீளாத் துயரில் வாடும் என்று தொடங்கினால் யாருக்கோ எழுதுகிற மாதிரி இருந்தது. நான் வாடவெல்லாம் இல்லை, அண்ணே. ஒரு வருஷமாக அடி வாங்கியவள் போல விழித்துக்கொண்டு திரிகிறேன். நம் தெரு வாசகசாலையின் ஆண்டு மலரில் இடம் தருகிறோம் என்றார்கள். எழுதுகிறேன், ஊரும் படிக்கட்டும். நீ செத்துப்போய்த் தொலைத்த பிறகு உன்னைத் திட்டுவதற்கு எனக்கு வேறு வழி என்ன இருக்கிறது?

படிக்கிறவர்களுக்குச் செம்புமூஞ்சி யாரென்று முதலில் சொல்லிவிடுகிறேன். நாம் பள்ளிக்கூடம் போகிற காலத்தில் ஞாயிற்றுக்கிழமை காலையில் டிவியில் வந்த கார்ட்டூன் வில்லன். முகத்தில் செம்பு முகமூடி, தோளில் பச்சைப் போர்வை, இடது கைக்குப் பதிலாக ஒரு பெரிய இடுக்கி. அம்மா பெட்டியில் குச்சி அடைக்கப் போன தீப்பெட்டி ஆபீஸ் முதலாளி வீட்டில்தான் டிவி இருந்தது. அங்கே போய்த் தரையில் உட்கார்ந்து பார்ப்போம். பேச்சு முழுக்க இந்தி. ஒரு எழுத்து புரியாது. வில்லனுக்கு ஏதோ ஒரு பேர் இருந்தது, அது நம் வாயில் நுழையவில்லை. நாம் வைத்ததுதான் செம்புமூஞ்சி.

எல்லாப் பிள்ளைகளும் வெள்ளைக் குதிரையில் வருகிற இளவரசன் பக்கம். நீ மட்டும் வில்லன் பக்கம். ஏன் என்று கேட்டதற்கு, "இளவரசனுக்கு எல்லாம் தன்னால நடக்குது. இவன்தாம்ட்டி ராத்திரி பகலா உழைக்கான்" என்றாய். கடைசியில் அவன் தோற்றுப்போய்க் கோட்டையோடு சரிந்து விழுகிறபோது முதலாளி வீட்டுப் பிள்ளைகள் கை தட்டுவார்கள். நீ எழுந்து வெளியே போய்விடுவாய்.

அந்தக் காலத்தில் கோவில்பட்டியில் எந்தக் கடையிலும் செம்புமூஞ்சி பொம்மை கிடையாது. இருந்திருந்தாலும் நமக்கு ஆகிற காரியமா? ஐடிஐ முடித்து சார்ஜாவுக்கு எலக்ட்ரீசியனாகப் போய், முதல் லீவுக்கு வந்தாயே, அன்றைக்கு வீட்டில் நடந்தது எனக்கு அப்படியே இருக்கிறது. உன் பெரிய பெட்டியைச் சுற்றிச் சொந்தக்காரர்கள் எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். அம்மா தங்கச் செயினை எதிர்பார்த்து முகத்தைக் கழுவிப் பொட்டு வைத்துக்கொண்டு வந்திருந்தாள். நீ சட்டைகளுக்கு நடுவிலிருந்து ஓர் அட்டைப் பெட்டியை எடுத்தாய். முன்பக்கம் கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக். உள்ளே செம்புமூஞ்சி.

நாம் டிவியில் பார்த்த தட்டைப் படம் இல்லை அது. முழங்கை மடங்கும், விரல் மடங்கும், தோளில் நிஜத் துணியில் போர்வை. கூடவே மாற்றிப் போட வேறு கைகள். நம்மைப் போலவே வளர்ந்து சம்பாதிக்கிறவர்கள் வாங்கட்டும் என்றே புதிதாகச் செய்கிறார்கள் என்று விளக்கம் வேறு சொன்னாய். அம்மா வெகுநேரம் பார்த்துவிட்டு, "இது எந்த ஊர்ச் சாமிப்பா?" என்று கேட்டாள். அதற்குப் பிறகு ஒவ்வொரு லீவுக்கும் ஒரு செம்புமூஞ்சி வந்தது. சிம்மாசனத்தில் உட்கார்ந்த செம்புமூஞ்சி, கவசம் போட்ட செம்புமூஞ்சி, கிழவனான செம்புமூஞ்சி.

பிரிக்கக் கூடாது என்பது உன் சட்டம். பெட்டியைப் பிரித்தால் பொம்மை செத்துப்போச்சு என்பாய். உலகத்தில் இதைச் சேர்க்கிறவர்கள் எல்லாருமே அப்படித்தானாம். சுவரில் கண்ணாடி அலமாரி அடித்து, பெட்டிகளை வரிசையாக நிறுத்தி, ஆடிக் காற்றில் கரிசல் புழுதி ஏறக்கூடாது என்று ஒவ்வொன்றுக்கும் பாலிதீன் உறை மாட்டினாய். உனக்குப் பெண் கொடுக்க வந்தவர்களில் ஒரு பெரியவர் அந்த அலமாரியைப் பார்த்துச் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார். யாரோ விவரத்தைச் சொன்னதும் அவர் முகம் போன போக்கு! அந்தச் சம்பந்தம் தட்டிப்போனதற்குச் செம்புமூஞ்சிதான் காரணம் என்று அம்மா இன்றைக்கும் சாதிக்கிறாள்.

நீ ஊரில் இல்லாத நாளில் காவல் நான். "அம்மாவ நம்ப முடியாது, நீதாம்ட்டி பாத்துக்கிடணும்" என்று ஒவ்வொரு தடவையும் பஸ் ஏறும்போது சொல்லிவிட்டுப் போவாய். எனக்குக் கல்யாணமாகிக் கடம்பூர் போன பிறகும் மாசம் ஒருமுறை வந்து, உறை விலகியிருக்கிறதா, பெட்டி நசுங்கியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போவேன். வீட்டுக்காரர் கேலி செய்வார். இருக்கட்டும் என்று விட்டுவிடுவேன். வாக்குக் கொடுத்திருந்தேனே.

கடைசி லீவில் மத்தியானம் சாப்பிட்டுவிட்டுச் சற்றுப் படுக்கிறேன் என்று போனாய். காபி போட்டுக்கொண்டு அம்மா எழுப்பப் போனாள். முப்பது வயது முடியாத ஆளுக்கு நெஞ்சு நின்றுபோகும் என்று யாராவது சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன். செய்தி சொன்னவர்மேல் நான் எரிந்து விழுந்தேன். நேற்றுத்தானே அவன் என்னைக் கடம்பூர் போளி வாங்கி வரச் சொன்னான் என்று அவரிடம் வாதாடினேன். வாதாடி ஜெயித்துவிட்டால் நீ எழுந்துவிடுவாய் என்று நினைத்தேனோ என்னவோ.

அதற்கப்புறம் பதினாறாம் நாள். இதை வாசிக்கிற நம் பக்கத்து ஆட்களுக்குப் படையல் எப்படி வைப்போம் என்று தெரியும். போனவனுக்குப் பிடித்ததெல்லாம் இலையில் வரும். ஆனால் மூடியபடி எதையும் வைக்க மாட்டோம். சோடாவைத் திறந்துதான் வைப்போம். பிஸ்கட் பாக்கெட்டைக் கிழித்து, வாழைப்பழத்தைப் பாதி உரித்து வைப்போம். போனவனுக்குப் பிரித்துச் சாப்பிடக் கை ஏது என்பார்கள். இதெல்லாம் எனக்கும் தெரிந்ததுதான். ஆனால் அது உன் அலமாரிவரை போகும் என்று எனக்குத் தோன்றவேயில்லை.

பூவும் வாழையிலையும் வாங்க மார்க்கெட்டுக்கு என்னை அனுப்பியிருந்தார்கள். திரும்பி வந்து வாசலில் செருப்பைக் கழற்றும்போதே உள்ளே பிளாஸ்டிக் கிழிபடுகிற சத்தம். பெரியப்பா தேங்காய் கீறுகிற கத்தியால் பெட்டிகளை ஓரத்தில் அறுத்துக்கொண்டிருந்தார். அட்டைகள் ஒரு மூலையில் குவிந்து கிடந்தன. உன் போட்டோவுக்கு முன்னால், இலைக்கு இரண்டு பக்கமும், செம்புமூஞ்சிகள் வரிசையாக நின்றன. எல்லார் நெற்றியிலும் சந்தனம், குங்குமம். கவசம் போட்டவன் கழுத்தில் கதம்பம். சிம்மாசனத்தில் இருந்தவனின் இடுக்கியில் யாரோ ஒரு கைமுறுக்கைச் செருகியிருந்தார்கள்.

கையிலிருந்த பூ கீழே விழுந்தது. யார் செய்தது, யாரைக் கேட்டுச் செய்தீர்கள் என்று கத்தினேன். பெரியப்பா என்னை ஒன்றும் புரியாமல் பார்த்தார். அவர் நல்லது செய்கிற நினைப்பில்தான் இருந்தார். "பொட்டு வைக்காம எப்படிம்மா படைக்க?" என்றார்.

அம்மா தலையைத் தூக்கவில்லை. கிழவன் செம்புமூஞ்சி அவள் மடியில் இருந்தான். பெட்டிக்குள் பொம்மை ஆடாமல் இருக்க மெல்லிய கம்பியால் மணிக்கட்டு, இடுப்பு, கணுக்கால் எல்லாவற்றையும் அட்டையோடு சேர்த்து முறுக்கியிருப்பார்களே, அந்தக் கம்பியை ஒவ்வொன்றாக அவிழ்த்துக்கொண்டிருந்தாள். ஆயுசு பூராவும் தீக்குச்சி அடுக்கிய விரல். ஒரு முறுக்கைக்கூட அவள் அறுக்கவில்லை.

"அவன் பிரிக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்கான்மா. எங்கிட்ட சொல்லிட்டுப் போயிருக்கான்" என்று அவள் கையைப் பிடித்து இழுத்தேன்.

"கையையும் காலையும் கட்டியில்ல வச்சிருக்கானுவ" என்றாள். பிறகு, "அவனுக்கும் இப்படித்தானட்டி பெருவிரலைச் சேத்துக் கட்டினாவ. கட்டுனதத்தான் நான் பாத்தேன். அவுத்ததப் பாக்கலயே" என்றாள்.

அண்ணே, பொம்பளைகள் முச்சந்தியோடு திரும்பிவிட வேண்டும். இடுகாட்டுக்குப் போய் அந்தக் கட்டை அறுத்துவிட்டுத்தான் அடக்கம் செய்வார்கள் என்று எனக்குத் தெரியும், அம்மாவுக்கும் தெரியும். ஆனாலும் அவள் கண்ணில் நீ கட்டோடுதானே போனாய்? அவள் அதைச் சொன்ன பிறகு பிடித்த கையை விட்டுவிட்டேன். ஆனால் கோபம் போகவில்லை. உண்மையைச் சொன்னால் கூடியது. உனக்குக் கொடுத்த ஒரே வாக்கு, நான் பூ வாங்கப் போன நேரத்தில் போய்விட்டது.

படைத்ததை வீட்டில் வைக்கக் கூடாது, சொந்தக்காரப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடலாம் என்று பெரியப்பா சொன்னபோது படையலுக்கு முன்னால் போய் நின்றுகொண்டேன். ஒருத்தரும் தொடக் கூடாது என்றேன். ஈரத் துணியால் ஒவ்வொன்றாகத் துடைத்தேன். செம்பு நிறத்தில் சந்தனம் ஏறினால் போகாது என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். திரும்ப அலமாரியில் நிறுத்தினேன். கிழிந்த அட்டைகளைக்கூட ஒரு சாக்கில் கட்டிப் பரணில் போட்டுவிட்டுத்தான் கடம்பூர் பஸ் ஏறினேன்.

அதிலிருந்து அம்மாவும் நானும் சரியாகப் பேசவில்லை. போவேன், சமைத்து வைப்பேன், மாத்திரை வாங்கிக் கொடுப்பேன், வந்துவிடுவேன். அவளும் ஒன்றே ஒன்றைத்தான் என் முதுகைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஆசைப்பட்டு வாங்கினானே, ஒரு நாளாவது கையில் எடுத்து விளையாடினானா? அது விளையாடுகிறதற்கு இல்லையென்று அவளுக்கு எத்தனை தடவை சொல்வது? ஆனால் ராத்திரி படுத்தால் அந்தக் கேள்வி என்னையும் விடாது. பெட்டிக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டே உன் காலம் முடிந்துபோய்விட்டதா, அண்ணே?

இனி சொல்லப்போவது போன மாதம் நடந்தது. இதற்காகத்தான் இவ்வளவையும் எழுதினேன்.

சார்ஜாவில் உன்னோடு ஒரே ரூமில் இருந்த சுப்பையா அண்ணாச்சி லீவுக்கு வந்தார். எப்போதும்வென்றான் ஊர்க்காரர் என்று நீ அடிக்கடி சொல்வாயே, அவரேதான். உன் சாமான்களை ஒரு பையில் போட்டுக்கொண்டு வந்திருந்தார். அன்றைக்கு நானும் அங்கே இருந்தேன். இரண்டு சட்டை, ஒரு கைலி, ஸ்குரூ டிரைவர் செட்டு, பாதி தீர்ந்த தேங்காயெண்ணெய் பாட்டில். அடியில் ஒரு துண்டில் சுற்றி என்னவோ இருந்தது. அம்மாதான் பிரித்தாள்.

செம்புமூஞ்சி. பெட்டி இல்லை, உறை இல்லை. முகமூடியில் செம்பு போய் அடியில் கறுப்புத் தெரிந்தது. பச்சைப் போர்வை என்றைக்கோ கிழிந்துபோய், அதற்குப் பதிலாக ஒரு கைலித் துண்டை வெட்டிக் கோணல் மாணலாகத் தைத்திருந்தது. உன் தையல்தான் அது. பட்டன் தைத்தாலும் அப்படித்தான் தைப்பாய்.

நீ போன அன்றைக்குக்கூட எனக்கு இவ்வளவு கோபம் வரவில்லை, அண்ணே. பிரிக்காதே பிரிக்காதே என்று என்னைக் காவல் வைத்துவிட்டு, அங்கே நீ ஒன்றைப் பிரித்து வைத்திருந்தாயா? ஏமாற்றுக்காரா! எப்போது பிரித்தாய்? கம்பியை விரலால் அவிழ்த்தாயா, பல்லால் கடித்தாயா? என்னிடம் ஏன் சொல்லவில்லை? சிரிப்பேன் என்று நினைத்தாயா? அங்கேயே உன்னை நாலு சாத்துச் சாத்த வேண்டும்போல இருந்தது. சாத்துவதற்குத்தான் ஆளைக் காணோம்.

அம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வலது கையைத் தூக்கிவிட்டாள். அது நிற்காமல் தொப்பென்று விழுந்தது. மறுபடியும் தூக்கினாள். மறுபடியும் விழுந்தது. மற்ற மூட்டெல்லாம் விறைப்பாக இருக்க, அந்தத் தோள் மட்டும் பழைய கதவு மாதிரி ஆடியது. உடைந்துவிட்டதா என்று அண்ணாச்சியைக் கேட்டாள்.

"உடையலம்மா. தேஞ்சிபோச்சு" என்றார் அவர். சொல்லலாமா வேண்டாமா என்று யோசிக்கிற மாதிரி இருந்தது. "முருகேசு உங்ககூட போன் பேசும்போதெல்லாம் இது அவன் கையிலதான் இருக்கும். நீங்க பேசப் பேச இந்தக் கையைத் தூக்குவான், இறக்குவான். அவனுக்கே தெரியாது. பேசி முடியுத வரைக்கும் அப்படித்தான். நாங்க கேலி பண்ணுவோம்."

நீ போனில் பேசுகிற லட்சணம் எங்களுக்குத் தெரியாதா? ம் என்பாய். சரி என்பாய். அம்மா மாட்டுக்காரன் சண்டையிலிருந்து மழை தவறிய கதைவரை ஒன்று விடாமல் கொட்டுவாள், அந்தப் பக்கம் ம், சரி. எங்கூடப் பேச அவனுக்கு என்ன இருக்கு, கடனேன்னு காதக் குடுக்கான் என்று போனை வைத்த கையோடு என்னிடம் குறைப்படுவாள். நானும் ஆமாம் என்றுதான் சொல்லியிருக்கிறேன்.

அண்ணாச்சி போன பிறகும் அம்மா அதே இடத்தில் இருந்தாள். விளக்குப் போடவில்லை. நான் காபி கொண்டுபோய்ப் பக்கத்தில் வைத்தேன். அந்தக் கையைத் தூக்கி விட்டாள், விழுந்தது.

"பாத்தியாட்டி" என்றாள் என்னைப் பார்த்து. எத்தனையோ மாசத்துக்குப் பிறகு முகத்துக்கு முகம். "எப்படி லூசாக்கி வச்சிருக்கான் பாரு. அம்புட்டையும் கேட்டுக்கிட்டுத்தான் இருந்திருக்கான்."

நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் அழுதாள். நானும் அழுதேன். பிறகு அவள் மாட்டுக்காரன் சண்டையை விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்தாள். என்னிடம் சொன்னாளா, மடியில் இருந்தவனிடம் சொன்னாளா, தெரியாது. பேசும்போது அந்தக் கையை அவளும் தூக்கித் தூக்கி இறக்கிக்கொண்டிருந்தாள்.

நேற்று உன் மச்சான், என் வீட்டுக்காரர்தான், வந்து பார்த்துவிட்டு, ஒரு சொட்டுப் பசை போட்டால் தோள் இறுகிவிடும், நிமிஷத்தில் செய்துவிடலாம் என்றார். நல்ல மனுஷன், நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். நான் போட்ட சத்தத்தில் அவர் எழுந்து வெளியே போய்விட்டார்.

அண்ணே, பெட்டிகளைக் காப்பாற்றுகிறேன் என்று கொடுத்த வாக்கில் தோற்றுவிட்டேன். அதற்குப் பதிலாக இந்த வாக்கை வைத்துக்கொள். நான் இருக்கிறவரை அந்தக் கையை யாரும் ஒட்ட விடமாட்டேன். அது ஆடட்டும்.

இப்படிக்கு,
உன்மேல் இன்னும் கோபம் தீராத,
அம்மாவோடு மறுபடி பேசத் தொடங்கிவிட்ட,
உன் கூடப்பிறந்தவள்
செல்வி